கணக்கு உதைக்கிறது

யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை.
பார்க்கலாம் என்பேன்.
கேட்டவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு
லிஃப்டுக்குள் போய்விடுவார்.

அப்படித்தான் வந்து சேர்ந்தது
இருபத்து நாலு வீட்டுப் பராமரிப்புக் கணக்கு,
தண்ணீர் லாரிக்குச் சொல்லும் வேலை,
மெஹருன்னிசா அக்காவின் சீட்டுக்கு ஆள் பிடிப்பது,
ஆபீசில் யார் ரிடையர் ஆனாலும் மோதிரத்துக்கு வசூல்,
நாத்தனார் மகளின் ஜாதகத்தைப்
பதினேழு பேருக்கு அனுப்பி
பதினேழு பேரின் மௌனத்தையும்
பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்வது.

பீரோவின் மேல்
காலண்டர் தாளில் அட்டை போட்ட காஸ்டிங் புத்தகம்.
ஒரே ஒரு பேப்பர் பாக்கி.
பையன் பிறந்த வருடம் வாங்கியது.
இப்போது அவன் கால் என் செருப்பில் நுழையாது.

ஐப்பசி மழையில் ஓர் இரவு
வில்லிவாக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை.
போனும் செத்துவிட்டது.
மெழுகுவர்த்தி வைத்து, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்
பார்க்கலாம் என்று சொன்னதையெல்லாம் எழுதினேன்.
முப்பத்தொன்று.
இதில் எனக்கென்று ஒன்றுகூட இல்லை
என்று அழத் தயாரானேன்.
அதுவும் பொய். ஒன்று இருந்தது:
கண்ணாடி மாற்ற வேண்டும்.

காலையில் பார்க்கிங்கில் கணுக்கால் தண்ணீர்.
பேண்டைச் சுருட்டிக்கொண்டு திருவேங்கடம் சார்.
சார், ஜனவரியிலிருந்து கணக்கு என்னால் முடியாது.
அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
உடம்பு சரியில்லையாம்மா?
நல்லா இருக்கு சார்.
வேறெதுவும் சொல்லாமல் படியேறினேன்,
முழங்கால் நடுங்கியது.
முடிச்சும் முடியாதும் ஒரே வேரில் வருகின்றன;
எந்த வகுப்பிலும் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மெஹருன்னிசா அக்கா சிரித்தாள்.
இதைச் சொல்ல நாலு வருஷமா?
எனக்கே அலுத்துப்போச்சுடி.
நாத்தனார் பொங்கல் வரைக்கும் பேசவில்லை.

ஜனவரியில்
லாரி தானாக வந்தது.
மூணாவது மாடிப் பையன் ஒருவன்
கணக்கை போனுக்குள் போட்டுவிட்டான்.
இரண்டே நாளில் எல்லோரும் பணம் கட்டினார்கள்;
என் நோட்டுக்குப் பதினெட்டாம் தேதியாகும்.
பால்கனியில் நின்று
ஹோஸ் சம்ப்புக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.
வலித்தது.
யாராவது தப்புச் செய்யட்டும் என்றுகூட
ஒரு வாரம் காத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் விடவில்லை.
இரண்டாம் சனிக்கிழமை
ஜெசிந்தாவோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசை.
அதற்கு நான் பார்க்கலாம் என்று சொன்னதேயில்லை.
அவள் கேட்டதுமில்லை.

சிலபஸ் மாறிவிட்டதாம்.
புதுப் புத்தகம் பழையதைப் போல் இரண்டு மடங்கு தடி.
முதல் நாள் ஐந்து மணிக்கு எழுந்து
அதன்மேலேயே தூங்கினேன்.
மறுநாள் ஒரு பக்கம்:
நிலையான செலவு, மாறும் செலவு.
உற்பத்தியே இல்லாத மாதத்திலும்
நிலையான செலவு ஓடிக்கொண்டே இருக்கும்
என்று இருந்த வரியின் கீழ்
பென்சிலால் கோடு போட்டேன், இரண்டு தடவை.

இன்று ஒரு கணக்கு.
முழுக்கப் போட்டேன்.
அரக்கோணம் லோக்கல் ஊதிக்கொண்டு போனது,
பால் பாக்கெட் கதவடியில் விழுந்தது,
புதுக் கண்ணாடி மூக்கை உறுத்தியது.
புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையோடு
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் உதைக்கிறது.

போனில் வெளிச்சம்:
அக்கா, ஒரு சின்ன உதவி.
கவிழ்த்து வைத்தேன்.
ஏழு மணிக்கு மேல் படிக்கலாம்.
அதுவரை எங்கே உதைக்கிறது என்று
மறுபடி முதல் வரியிலிருந்து.