மூன்று நிமிடம்

ஆளுக்கு இருபது நிமிடம். மணி என் கையில்.
அறிவியல்நகர் மண்டபத்தில்
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலாகக்
கலாநிதி கௌதமி தனியலை பற்றிக் கதைக்கிறார்:
ஒன்று பின்னால் வந்து இன்னொன்றைப் பிடிக்கும்,
உள்ளே புகும், மறுபக்கம் வரும்,
ஒரு கீறல் இல்லாமல்.

நேரிலி உலகில் இது அதிசயம் என்கிறார்.
இங்கே ஒன்றும் ஒன்றும் இரண்டாவதே அபூர்வம்.
யாரோ சிரித்தார்கள்.

"ஆனால்," சிவப்பு ஒளிப்புள்ளி திரையில் நகர்கிறது,
"மோதாவிட்டால் எங்கே நின்றிருக்குமோ
அங்கே அது இல்லை.
உயர்ந்தது கொஞ்சம் முன்னுக்கு,
குட்டையானது கொஞ்சம் பின்னுக்கு."
அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு கிரேக்க எழுத்து.

புரொஜெக்டர் வயரை விரலால் அழுத்திக்கொண்டு
(விட்டால் படம் நீலமாகிவிடும்)
சுவரோரம் குந்தியிருந்த ஆய்வுகூட உதவியாளன் நகுலேஸ்
கை உயர்த்தினான். மற்றக் கை.

"எவ்வளவு பின்னுக்கு, மிஸ்?"

"இரண்டு உயரத்தையும் தந்தால் கணக்கிடலாம்."

"எங்கட வளவுக்குத் திரும்பி வரேக்க
கிணறு கிணறாத்தான் கிடந்தது.
வேலி பதினொரு அடி உள்ளுக்கு.
அங்கால பெரிய ஆக்கள்."

அவர் சமன்பாட்டைப் பார்த்தார்.
அவனைப் பார்த்தார்.
இரணைமடு வாய்க்காலில் அன்றைக்குத்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள்;
யன்னல் வழியே ஈரமண் வாசம்.

நான் மணியடிக்க மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு எல்லாம்,
கொங்கிறீற்று வெடிப்பு, நுளம்புப் பெருக்கம், பிளேன்ரீ,
நிகழ்ச்சிநிரலில் இருந்தபடியே நடந்தன,
மூன்று நிமிடம் பின்னுக்கு.