பெயர்கள் ஏறும் நேரம்

கடிதம் எழுதத் தடைவிதித்த அந்த நாடு
ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
பார்ட்டன் வீதி மாடிவீட்டில்
கடைசித் தடவையாக விழித்தது.

ஆறு வருடம்.
அதன் தலைமைச் செயலகம் என்று காட்டுவது
எங்கள் ஹமில்டன் துறைமுகத்து உருக்காலையின் பழைய களஞ்சியம்.
செல்வகாந்தன் அங்கே பாரந்தூக்கி ஓட்டியவன்.
கொடுங்கோலன் மேடையேறும் போதெல்லாம்
"அதிலைதான் நான் சாப்பாட்டுப் பெட்டி வைக்கிறனான்" என்பான்.
முதலில் சிரித்தோம். நாலாம் பாகத்தில் அதட்டினோம்.
இன்று அவன் சொல்லவில்லை,
நாங்கள் காத்திருந்தோம்.

தவமலருக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிட்டது.
காவல் அதிகாரியை மன்னித்தாயிற்று.
அவன் அழுதான், பின்னால் மழை வேறு.
"அழுதால் சரியோ?
மழை என்ன, அவன்ரை சாட்சியோ?"
கடித்த ரோல்ஸால் திரையைச் சுட்டினாள்.

அபிராவுக்குப் பத்தொன்பது.
தட்டச்சுக்காரி அணைக்கட்டில் விழுந்தபோது
தலையணையை முகத்தில் அமுக்கிக்கொண்டாள்.
எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்பிடி அழேல்லை என்றாள் தாய்,
கொஞ்சம் பொறாமையோடு.

ஒஸ்வால்ட் அண்ணைக்கு முதல் நாளிலிருந்து ஒரே குறை:
சோதனைச்சாவடியில் சனம் நிற்கிற விதம் பிழை.
"எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கினம்.
சப்பாத்தையெல்லோ பார்க்கவேணும்.
சேறு எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கெண்டு பார்த்தால் தெரியும்
அவன் இண்டைக்கு எவ்வளவு நடந்தவன்,
எவ்வளவு எரிச்சலிலை நிக்கிறான் எண்டு."

எனக்கோ மூன்றாம் பாகத்திலேயே அலுத்துவிட்டது.
ரோல்ஸுக்காகத்தான் வந்தேன்.

பிறகு அந்தக் கதவு.
முதற் பாகத்தில் இழுத்துப் போன தபால்காரத் தம்பிக்காக
அக்கா பூட்டாமல் வைத்திருந்த கதவு.
ஆட்சி விழுந்தாயிற்று. மணி அடித்தது.
சனம் வீதியில் இறங்கி
ஒருவர் முதுகில் ஒருவர் தாள் வைத்துக் கடிதம் எழுதிற்று.
கமெரா மட்டும் கதவை விட்டு அசையவில்லை.
ஒரு நிமிடம்.
இன்னும் கொஞ்சம்.
கறுப்பு.

"இணையம் நிண்டிட்டுதோ?"
செல்வகாந்தன் எழும்பிப் பெட்டியைத் தட்டினான்.
அப்போதுதான் பெயர்கள் ஏறத் தொடங்கின.
"ஆறு வருசம் இதுக்கோ!
இருக்கிறானோ இல்லையோ, ஒண்டைச் சொல்லித் துலைக்க வேண்டாமோ?"
தவமலரின் குரலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.
அபிரா சத்தியம் செய்தாள், கண்ணாடியில் ஒரு நிழல் தெரிந்ததாம்.
பின்னுக்கு ஓட்டினோம்.
மரம்.
இன்னொரு தரம் ஓட்டினோம்.
மரம்தான்.

மங்களேஸ்வரி எங்களோடு ஆறு பாகமும் பார்த்தவள்.
ஒருநாளும் கதையைப் பற்றிக் கதைத்ததில்லை,
யாருக்கு எத்தனை கரண்டி சீனி என்பதைத் தவிர.
மூன்றாம் தரம் பின்னுக்கு ஓட்டப் போகையில்
"விடுங்கோ, ஓடட்டும்" என்றாள்.
"இதொண்டைத்தான் ஒழுங்கா எடுத்திருக்கிறாங்கள்."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒஸ்வால்ட் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அவள் திரைக்குக் கிட்டப் போய்
நிலத்தில் குந்தினாள்.
மின்விளக்கு உதவியாளர்.
நாய் பழக்குபவர்.
வாகனச் சாரதிகள், பதினொரு பேர்.
கூட்டத்தில் நின்றவர்கள்.
உதடு அசைய, ஒரு பெயரையும் தவறவிடாமல்
ஆறு வருடத்தில் நாங்கள் ஒருநாளும் பார்த்திராத பட்டியலை
அடிவரைக்கும் வாசித்தாள்.

பிறகு எழும்பி, முழங்காலைத் தடவிக்கொண்டு,
கார்க் கண்ணாடி சுரண்ட
ஒரு மட்டை இருக்குமோ என்று கேட்டாள்.