கோல்

துங்கபத்திரை முழங்காலளவு வற்றும் மாதங்களில்
படைகள் கடக்கும். மற்ற மாதங்களில் பாக்கு கடக்கும்.
இரண்டுக்கும் கணக்கெழுதுபவன் நான்,
பொம்மரசன், ஹிரேகடவுத் துறையின் சுங்கக்காரன்.

என் மரப்பெட்டியில் மூன்று முத்திரைகள்.
பன்றி பழையது. சாளுக்கியர் போனபின்
பாக்கு நசுக்க வைத்திருக்கிறேன்.
தெற்கே புழுதி கிளம்பினால் ஹொய்சளரின் புலி,
வடக்கே கிளம்பினால் சேவுணரின் கருடன்.
உப்பு மூட்டைக்கு வித்தியாசம் தெரியாது.
காளிசெட்டிக்குத் தெரியும்;
ஒரே மூட்டைக்கு ஒரே வாரத்தில்
இரண்டு தடவை வரி அழுதவன்.

மாயக்கா வந்தது கருடன் நாளில்.
புருஷன் புலிக்கொடியின் கீழ் செத்தவன்.
அதற்கு ஈடாக ஏரிக்கீழ் வரியில்லாத் துண்டு;
எங்கள் கன்னடத்தில் நெத்தரு கொடகி,
ரத்தத்துக்குக் கொடுத்தது.
"எதிரிக்காகச் செத்தவனுக்கு
நாங்கள் ஏன் வரி விட வேண்டும்?" என்றான் புது அதிகாரி.
"என் தம்பி உங்களுக்காகச் செத்தான்.
அதே நாள், இதே துறை.
யார் யாரைக் குத்தினான் என்று நான் கேட்கவில்லை.
கல்லில் பெயரை மட்டும் மாற்றி வெட்டு."

அவன் நிலத்தை அளக்கச் சொன்னான்.
சேவுணர் கோல் நாலு விரல் குட்டை.
நூற்றிருபது கோல் நீளமிருந்த வயல்
ஒரு தூறல்கூட விழாமல்
நூற்றிருபத்தாறு ஆகியிருந்தது.
கூடின ஆறுக்கு வரி.

"எங்கே முளைத்தது, காட்டு" என்று
வரப்போரமாக நடந்தாள்,
காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே.
நான் எழுதியதை ஊதி உலர்த்தினேன்.
வேறென்ன செய்ய?

தேவகிரி விழுந்த சேதி
துணி மூட்டைகளோடு வந்தது.
துவாரசமுத்திரம் விழுந்த சேதி
நடந்தே வந்தது, காலில் செருப்பில்லாமல்,
இடுப்பில் குழந்தைகளோடு.
அவர்களிடம் சுங்கம் கேட்கவில்லை.
கேட்டாலும் யாருக்கு அனுப்ப?
டில்லிக் குதிரைகள் போன வழியில்
எங்கள் துறைக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

முந்தாநாள் மாயக்கா வாசலில் நின்றாள்.
"அந்தக் குட்டைக் கோல் இருக்கிறதா?"
"எதற்கு?"
"அவரைப் பந்தலுக்கு ஒரு கால் குறைகிறது."

எடுத்துக் கொடுத்தேன்.
பழக்கதோஷம், பற்றுச்சீட்டும் எழுதினேன்:
கோல் ஒன்று, பெற்றவள் மாயக்கா.
முத்திரையிடப் போனபோதுதான்
கை பெட்டிக்குள் நின்றுவிட்டது.
அவள் காத்திருந்தாள்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பன்றியை எடுத்து அழுத்தினேன்.
பாக்குக் கறையோடு
நன்றாகவே பதிந்தது.