தெரியாத எண்

பக்கத்து வீட்டு ஜெஃப்ரின் போனை வாங்கி
தெரியாத எண் எதுவும் ஒலிக்காதபடி செய்து தந்தான்.
அன்று ராவே மாற்றச் சொன்னேன்.

கிறிசாந்து போயிருக்கிற போட்டு
எந்தத் துறையில் ஐஸ் ஏற்றும் என்று ஓனருக்கே தெரியாது.
வெராவலில் ஒரு டீக்கடைப் போன்,
மால்பேயில் எவனோ லாரிக்காரன் போன்.
அவனுடைய எண் எப்போதும் தெரியாத எண்தான்.

அதனால் எல்லாவற்றையும் எடுக்கிறேன்,
சாளைச் செதில் ஒட்டிய சுண்டுவிரலால்.
ஐந்து லட்சம் லோன் ரெடியாம்.
கோயம்புத்தூரில் மனையாம், மலையடிவாரம், நல்ல காற்றாம்.
வள்ளவிளையில் கடல் வாசலைத் தின்னுது மோளே என்றேன்.
ஒன்றை அழுத்தவும் என்றது.

ஒருநாள் மட்டும் மெய்யான ஒருத்தி.
காப்பீடு. வயசு கேட்டாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.
வீட்டுக்காரருக்கு என்ன வேலை?
ஆழ்கடல்.
ஒரு நிமிஷம் மேடம் என்று போனவள்
வரவே இல்லை.
இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு நாள் ஆகிறது.
எடுத்த உடனே குரல் வராது, கவனித்திருக்கிறீர்களா,
மிஷின் விழிக்க இரண்டு மூன்று நொடி.
அதற்குள்
காற்று கேட்கிறதா, எஞ்சின் கேட்கிறதா என்று
காதோடு சேர்த்து அமர்த்திப் பிடிக்கிறேன்.

பிறகு வணக்கம் என்கிறது
பிசிறில்லாத தமிழில்.