இடது வளைவில் மட்டும்

சீட்டு விழுந்த காசில்
குலசேகரத்தில் மற்றவர்கள் மாடிக்குக் கம்பி வாங்குவார்கள்.
நான் வாங்கியது ஒரு பாலியோ.
ஒன்று புள்ளி ஆறு, நூறு குதிரை.
நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரின் போர்டிகோவில்
நாலு மழைக்காலம் நின்ற இடத்திலேயே நின்றது,
நூறும் படுத்துத் தூங்கிக்கொண்டு.
"பெட்ரோல் குடிச்சே உன்னை முடிச்சிரும் பிள்ளே"
என்றபடி டாக்டர்
சாவியை மட்டும் துடைத்துத் தந்தார்.

ஷீட் அடிக்கிற கொட்டகையில் பாதி எனக்கு.
அந்தப் பக்கம் உருளை மெஷின், ஆசிட் வாளி,
ஒட்டுப்பால் சாக்கின் நாற்றம்.
இந்தப் பக்கம் தலை கழற்றிய என் இன்ஜின்.
பகல் முழுக்கக் கல்லூரி லேபில்
பிள்ளைகளுக்கு வெர்னியர் எடுத்துக் கொடுப்பவள்
ராத்திரி அதே வெர்னியரோடு குனிந்து நின்றேன்.
பதினாறு வால்வு.
பசை தடவி, கோலை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து
மோர் கடைவதுபோல் திரித்தேன்.
பன்னிரண்டாவதில் தோல் உரிந்தது.
மிச்சம் நாலையும்
கைக்குட்டை சுற்றிக்கொண்டு முடித்தேன்.

ஸ்டார்ட் ஆன அன்று
சொஹாரில் கிரேன் ஓட்டும் ஷிபின்ராஜுக்குப் போன் போட்டு
சைலன்சர் வாயில் பிடித்தேன்.
கட்டிய பெண்டாட்டியின் இரண்டு வருட வேலையைக் கேட்டுவிட்டு
"மிக்ஸி ஓடுகது மாதிரி இருக்கு" என்றான்.
ஒரு வாரம் பேசவில்லை.

தப்பும் செய்தேன்.
கோயம்புத்தூரிலிருந்து மஞ்சள் நிறத்தில் கெட்டி புஷ் வரவழைத்து
இன்ஜினை அதில் உட்காரவைத்தேன்.
சிக்னலில் நின்றால் பல் ஆடியது,
கண்ணாடியில் பின்னால் வருகிற ஒவ்வொருவரும்
இரண்டு பேராய் வந்தார்கள்.
கழற்றிவிட்டு ரப்பரே போட்டேன்.
ஜன்னலைத் திறந்தால் ரப்பர் மரம்;
அதை நம்பாத புத்தியை என்ன சொல்ல.
ஸ்பிரிங்கில் நாற்பது மில்லி இறக்கினேன்.
ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம்
சர்ச் முன்னால் வேகத்தடையில் வயிறு உரசியது.
வெள்ளைச் சேலைகள் மொத்தமாய்த் திரும்பின.
இறக்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லாம் அடங்கியபின்தான் அது கேட்டது.
பேச்சிப்பாறை ரோட்டில், இடது வளைவில் மட்டும்,
கடகட, கட.
வலது வளைவில் பரம சாது.
ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட்டேன், பிரேக் பேடை,
ஸ்டெப்னியை, என் காதை.
எலக்ட்ரீஷியன் பெல்பின்
டார்ச்சோடு டிக்கிக்குள் மடங்கிப் படுத்தான்.
நான் ஓட்டினேன். ஏழாவது வளைவில்
"நிறுத்துங்கக்கா" என்று உள்ளிருந்து தட்டினான்,
இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தான்.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"வலப்பக்கம்தான். அது உறுதி."

பின்சீட்டின் வலப்பக்க பேனலை நெம்பினேன்.
பதினொரு ரப்பர் கொட்டை.
மினுமினுவென்று, புள்ளி போட்டு,
ஒன்றில் மட்டும் பல்தடம்.
கீழே நான் தேடித் தேடிச் சலித்த கைக்குட்டை
மெத்தையாய் நறுக்கப்பட்டுக் கிடந்தது.
ஆவணி வெயிலில் தோட்டம் முழுக்கக் காய் வெடித்தபோது
நான் மில்லியில் இருபதில் ஒரு பங்கை
அளந்துகொண்டிருந்த ராத்திரிகளில்
எலியும் தன் பங்குக்கு
இந்தக் காரைத் திருத்தியிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் மழை விட்டு
ரோடு கறுத்துக் கிடந்தது.
ஷிபின்ராஜ் ஸ்பீக்கரில் இருந்தான்,
விசா, இக்காமா, சம்பளப் பிடித்தம்.
மூன்றாம் கியர். மேட்டில் நூறும் எழுந்து இழுத்தன.
இறக்கத்தில் காலைத் தளர்த்தினேன்,
ஸ்டியரிங் இடதுபக்கம் சாய்ந்தது.
ஒன்றும் இல்லை.
டயர் ஈரத்தை நக்குகிற ஓசைகூட
வெளியிலேயே நின்றுவிட்டது.

"ஹலோ? லைன் கட்டாயிட்டா?
ஹலோ, கேக்குதா?"

பதில் சொல்லவில்லை.
அடுத்ததும் இடது வளைவு.