செட் பார்சல்

எங்கள் வீட்டில் மன்னிப்பு
பேப்பரில் மடித்து வரும்.
தட்டுவடை செட்.
பச்சை சட்னி தூக்கலாக,
எனக்குப் பிடிக்காதென்று ஞாபகமாக
வெங்காயம் இல்லாமல்.

ஏழாவதில் கணக்குக்கு இருபத்தொன்று.
அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.
மறுநாள் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து,
கொலுசுக்குப் பொடி வைத்த கையோடு வந்து,
என் பையின்மேல் பொட்டலத்தை வைத்தார்.
வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தார்.
தின்றேன். அதோடு அது தீர்ந்தது.
அம்மாவுக்கு என்றால் இரண்டு செட்.
சில மாதம் நான்கு.

இப்போது ப்ளஸ் டூ. ஜோவிட்டா.
கோரிமேட்டில் வீடு, அஸ்தம்பட்டியில் டியூஷன்.
அழுகையோடு அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை
பசங்களிடம் போட்டுக் காட்டினேன்,
பெருமைக்குத்தான். சிரித்தார்கள்.
நானும்.

மூன்று நாள் நீல டிக் மட்டும்.
நான்காம் நாள் வரிசையில் நின்று வாங்கினேன்.
அவளுக்கு வெங்காயம் பிடிக்கும்,
அள்ளிப் போடச் சொன்னேன்.

"பசிக்கல."
"உனக்காகத்தான்..."
"தெரியுது. சொல்லு."

எதைச் சொல்ல?
பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்,
காது கேளாதவரிடம் சத்தத்தைக் கூட்டுவதுபோல.
அவள் வீட்டில் கத்துவார்களாம், கதவு அறையுமாம்.
பிறகு அவள் அம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து
"நான் பேசினது தப்புடி" என்பாராம்.
முதலில் கேட்டபோது
கதை விடுகிறாள் என்றே நினைத்தேன்.

ஏற்காடு பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

ராத்திரி அப்பா,
"யாருக்குடா?"
"யாருக்குமில்ல."
பிரித்தார். சட்னி ஊறி
வடை பேப்பரோடு ஒட்டியிருந்தது.
ஆளுக்கொன்று எடுத்தோம்,
நொறுங்கும் சத்தம்கூட இல்லை.
என் பக்கத்து வெங்காயத்தைத்
தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டே
"அன்னைக்கு நான்..." என்றார்.

எந்த அன்னைக்கு என்று கேட்கவில்லை.
மெல்லுவதை நிறுத்தினேன்.
அவர் நகக்கண்ணில் வெள்ளி மினுங்கியது.

"...காரம் பத்தலடா" என்று முடித்தார்.

மொட்டைமாடிக்குப் போனேன்.
மலையில் ஏதோ வண்டி வெளிச்சம்
கொண்டை ஊசியில் மறைந்து
ஒரு சுற்று மேலே மறுபடி தெரிந்தது.
அடித்தேன்:
அன்னைக்கு நான்

விரலெல்லாம் சட்னி வாசம்.
கர்சர் துடிக்கிறது.
அடுத்த வார்த்தை எதுவென்று தெரியும்.
அது காரம் இல்லை.