மீதி முப்பத்திரண்டு கிலோ

ஓட்டுகிறவர் எண்பது கிலோ இருக்க வேண்டும்
என்பது விதி.
நான் நாற்பத்தெட்டு,
ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்து.
மீதியைக் காலாப்பட்டுக் கடற்கரையில் அள்ளினோம்
பழைய ஜீன்ஸ் கால்களை வெட்டித் தைத்த
நான்கு பைகளில்.
எந்தப் பை யாருடைய கால் என்று
அந்துவான் மட்டும் சொல்லுவான்.

ஒரு வருடம் கிராம் கிராமாக இளைத்த வண்டி.
நட்டுகளின் தலையைக்கூட ராவினோம்.
ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டினாள் நசீமா,
துறைத்தலைவர் பெயர் இருந்த பாதி போயிற்று.
அப்புறம் முப்பத்திரண்டு கிலோ மணலை
என் இடுப்புக்குப் பின்னால் ஏற்றிக் கட்டினோம்.
விண்ணப்பத்தில் வண்டிக்கு
வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு.
பட்டறையில் சப்பட்டை.

குட்டியானையில் ஏற்றித் தார்ப்பாய் போர்த்தி
ஞாயிறு விடியுமுன் கிளம்பி
ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நின்றோம்.
பாண்டிச்சேரி வண்டி. தார்ப்பாய். தூங்காத கண்ணோடு ஏழு பேர்.
வேறென்ன நினைப்பார் ஏட்டு?
"பையில என்ன?"
"மணல் சார்."
"மணலா? ஏன், கடலூர்ல மணல் இல்லையா?"
ஆறு செமஸ்டர் படித்தவர்கள்,
ஒருவரிடமும் பதில் இல்லை.
கம்பியால் குத்திப் பார்த்தார். பாட்டில் தட்டவில்லை.
போங்க என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

கெடிலம் பாலம் முழுக்க மெல்லிசாய் ஒரு கோடு
எங்கள் பின்னால் வந்ததை
யாரும் பார்க்கவில்லை.

சிப்காட் சாலை, இரு முனையிலும் கயிறு கட்டியிருந்தது.
தராசில் என்னையும் பைகளையும் ஏற்றினார்கள்.
எழுபத்தெட்டு புள்ளி நாலு.
பத்து நிமிடம் தருகிறேன் என்றார் பரிசோதகர்.
கலிவரதன் ஓடினான்.
எதிரே இருந்த பெட்டிக்கடையில்
இரண்டு பாக்கெட் கல்லுப்பு.
எண்பது புள்ளி நாலு.
நானூறு கிராம் அதிகம், பிரித்துக் கொட்ட நேரமில்லை.
உப்பும் வெயில் செய்ததுதானே,
கூட வரட்டும் என்றாள் நசீமா.

உள்ளே படுத்த மாதிரி உட்கார வேண்டும்.
ஐம்பத்திரண்டு டிகிரி.
முகத்துக்கு நேரே ஒரே ஒரு எண்:
ஒன்பது ஆம்பியர், ஒன்பது, ஒன்பதரை.
அதைப் பார்த்துத்தான் ஓட்டுவது, சாலை அப்புறம்.
காதில் கலிவரதன்:
"முப்பத்தெட்டுல வை. முப்பத்தெட்டு."
பதினாலாவது சுற்றில் கடல் பக்கமிருந்து ஒரு மேகம்.
மழைக்கும் ஆகாத, போட்டோவுக்கும் ஆகாத,
ஒரு வேலையுமில்லாத மேகம்.
நாலு. இரண்டு. ஒன்று.
"இருபதுல வை."
"பன்னிரண்டு."
பிறகு அவன் எண் எதுவும் சொல்லவில்லை.

கோட்டுக்குப் பதினோரு அடி முன்னால் நின்றேன்.
கை வைத்துத் தள்ளினால் சுற்று செல்லாது.
ஆறு பேரும் ஓடி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள்.
அந்துவான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்,
நசீமா துப்பட்டா நுனியை இறுக்கிக்கொண்டாள்,
கை தானாகப் போய்விடுமோ என்று.
அந்த நானூறு கிராமை
மற்ற எல்லா எடையிலிருந்தும் பிரித்து
என் முதுகு உணர்ந்தது, சத்தியமாக.

விசில். கொடி இறங்கிவிட்டது.
அதற்கப்புறம் ஒரு நிமிடம் இருக்கும்,
வெயிலின் விளிம்பு சாலையில் ஊர்ந்து வந்து
மூக்கில் ஏறியது.
ஒன்று. மூன்று. ஆறு.
பெடலிலிருந்து காலை எடுக்க மறந்திருந்தேன்.
சப்பட்டை நகர்ந்தது,
நடக்கிற வேகத்தில்,
ஆறு பேர் கூடவே நடந்து வர,
ஒரு விரலும் படாமல்
கோட்டைத் தாண்டியது.

ஒன்பது வண்டியில் ஏழாவது.
அந்தப் பதினோரு அடி எந்தத் தாளிலும் இல்லை.

மணலைச் சாலையோரம் கொட்டினோம்.
கடலூரிலேயே இருக்கட்டும்.
யாரோ கிளிமூக்கு மாங்காய் வாங்கி வந்தார்கள்,
ஹாக்ஸா பிளேடால் கீறினோம்.
உப்புப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான் கலிவரதன்.
முதல் துண்டு எனக்கு.
காது வரை கூசியது.
"எவ்வளவுடா போட்டே?"
"நானூறு கிராம்" என்றான்.